அம்மா ஃப்ராஜைல் ஆன கதை

பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடியில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். என் வேலை பார்ப்பது, வேறொன்றுமில்லை. மிஷினிலிருந்து ரோல் ரோலாக இறங்கும் ஸ்டிக்கர்களில் எழுத்து நேராக விழுந்திருக்கிறதா, சிவப்பு மை கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கழிவை இன்னொரு பக்கமும் போட வேண்டும். ஊறுகாய் பாட்டில், மருந்து டப்பா என்று பலதுக்கும் நாங்கள் அடிக்கிறோம். ஆனால் மாதத்தில் பாதி நாள் ஓடுவது ஒரே ஒரு ஸ்டிக்கர்தான். விரிசல் விட்ட கண்ணாடிக் கிளாஸ் படம், அதன் கீழே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ஃப்ராஜைல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதலாளியிடம் கேட்டேன். "ஒடையிற சாமானுக்கு ஒட்டுறதும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ சொத்து விஷயம் சொல்வதுபோல, "பிரெஞ்சுலயும் இதே எழுத்துதான். ஒரே அச்சுப் பிளேட்டு, ரெண்டு பாஷை" என்றார். கடற்கரைப் பக்கத்திலிருந்து பிரான்சுக்குப் பீங்கான் சாமான் அனுப்புகிறவர்கள் ஆர்டர் கொடுக்க வந்தால், அதே சொல்லை வாயைக் குவித்து வேறு மாதிரி உச்சரிப்பார். அந்த மாதம் அவருக்கு லாபமோ நஷ்டமோ, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வெள்ளைக்காரர்களை ஏமாற்றிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருக்கும்.

கழிவு ரோல்களை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எங்கள் ஸ்டிக்கரின் பசை சாதாரணப் பசை இல்லை. கப்பலில் உப்புக் காற்று பட்டாலும் உரியக் கூடாது என்று போடுகிற பசை. ஒருமுறை ஒட்டினால் ஜென்மத்துக்கும் வராது. உழவர்கரையில் எங்கள் தெரு முழுக்க இது தெரியும். வாளியில் கீறல் விழுந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஸ்கூட்டி சீட் கிழிந்தால், டிவி ரிமோட்டின் மூடி காணாமல் போனால், பிளாஸ்டிக் சேரின் கால் ஆடினால், எல்லாவற்றுக்கும் ஃப்ராஜைல்தான். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மொட்டை மாடியில் பார்த்தால் தொட்டியே தெரியாது, சிவப்புக் கிளாஸ்கள்தான் தெரியும்.

ஆக, உடையக்கூடியது என்று அர்த்தமுள்ள அந்தச் சொல் எங்கள் தெருவில் உடைந்ததைத் தாங்கிப் பிடிக்கிற பொருளாகிவிட்டது. ஒட்டியாச்சு என்றால் இனிமேல் தாங்கும் என்று அர்த்தம். நான் என்ன விளக்கம் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் குட்டியானை என்கிற சின்ன லாரியை ஓட்டுகிறவர் வண்டியின் பின்கதவு முழுக்க ஒட்டி வைத்திருந்தார். ஒருநாள் தமிழ்நாட்டு எல்லையில் கிளாஸ் படத்தைப் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரியிலிருந்து சரக்கு கடத்துகிறான் என்று போலீஸ் நிறுத்திவிட்டது. அன்றைக்கு லோடு ஆட்டுப் புழுக்கை. மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, இன்னும் இரண்டு ரோல் இருக்குமா என்று கேட்டார்.

எனக்கு இந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை போனது வேறொரு நாள். ரோல் கொடுக்கப் போன ஒரு பார்சல் குடோனில், எங்கள் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை லோடுமேன் ஒருவர் தலைக்கு மேல் தூக்கி லாரிக்குள் வீசினார். உள்ளே என்னவோ சிணுங்கியது. எனக்கு ரத்தம் கொதித்தது. படிக்கத் தெரியாதா என்று கேட்டேன். அவர் நிதானமாகப் பீடியை அணைத்தார். "தெரியும்க்கா. எல்லாப் பொட்டியிலயும்தான் ஒட்டியிருக்கு. பஞ்சு மூட்டையிலயும் ஒட்டியிருக்கு. அத்தினியும் ஒடையும்னா நான் எதத்தான் மெதுவா வெக்கிறது?" என்றார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது அம்மாவிடம் வருகிறேன். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. கடலோரக் குப்பத்தில் பிறந்தவள், கல்யாணமான வருடத்திலிருந்து பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அப்பா போன பிறகு என்னோடும் என் வீட்டுக்காரரோடும் வந்து இருக்கிறாள். மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு பலகை இடம் உண்டு. தூணுக்கு இடது பக்கம், குழாய்க்குப் பக்கத்தில். அந்த இடத்தைப் பிடிக்க அவள் போட்ட சண்டைகளையும், பிடித்ததைக் காக்கப் போட்ட சண்டைகளையும் சொன்னால் ஒரு புத்தகம் போதாது. வலது பக்கத்து இடத்துக்காரம்மா தன் கூடையைத் தினமும் ஒரு விரல்கடை தள்ளி வைப்பாராம். அம்மா அதைத் தினமும் ஒரு விரல்கடை காலால் திருப்பித் தள்ளுவாளாம். இருபது வருடமாக இதுதான் நடக்கிறது.

மார்க்கெட்டில் சண்டை தீர்ந்துவிட்டால் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவாள். குழம்பில் புளி அதிகம் என்று ஆரம்பிப்பாள். நான் விட மாட்டேன். என் வீட்டுக்காரர் பெயின்ட் கான்ட்ராக்ட் எடுப்பவர், வாயில்லாதவர் என்று பெயர். அவரே அத்தையோடு டிவி சத்தம், மின்விசிறி வேகம் என்று மல்லுக்கு நிற்பார். மூன்று பேரும் கத்தி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தால் நன்றாகப் பசிக்கும். அது ஒரு வீடாக இருந்தது.

கோடையில் மீன்பிடி தடைக்காலம் ஆரம்பித்த இரண்டாம் நாள் அது நடந்தது. இரண்டு மாதத்துக்குப் பெரிய போட்டுகள் கடலுக்குப் போகாது, மார்க்கெட்டும் மந்தமாக இருக்கும். அம்மா வீட்டில் இருந்தாள். குட்டியானைக்காரரின் தார்ப்பாயில் ஓட்டை விழுந்திருந்தது. சாயங்காலம் நான் தரையில் உட்கார்ந்து அவருக்காகக் கழிவு ஸ்டிக்கர்களை உரித்து உரித்து ஒட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு வழவழப்பான காகிதம் இருக்கும், எண்ணெய் தடவினது போல. அதை உரித்து அப்படியே பக்கத்தில் போட்டேன். அம்மா சமையலறையிலிருந்து, நான் தார்ப்பாய் ஒட்டும் லட்சணத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வாக்கியத்தில் கால் வழுக்கியது. மீதிப் பாதியைத் தரையில் கிடந்தபடியே சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகுதான் எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னாள்.

இடுப்பு எலும்பில் முறிவு. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "போன்ஸ் ரொம்ப ஃப்ராஜைலா இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஃப்ராஜைல்னா புரியுதாம்மா?" என்று கேட்டார்.

"அது எனக்கு நல்லாத் தெரியும் சார்" என்றேன்.

"அதுதான் சார் இவ வேலையே" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். தரையில் உட்காரவே கூடாது. கீழே விழவே கூடாது, இன்னொரு முறை விழுந்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது. முக்கியமாக டென்ஷன் பண்ணக் கூடாது. பிபி ஏறினால் தலை சுற்றும், தலை சுற்றினால் விழுவார். "கண்ணாடி மாதிரி பாத்துக்கங்க" என்றார்.

பதினெட்டு வருடமாக அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதன்படி நடக்காதவர்களைத் திட்டிக்கொண்டும் இருந்தவள். என் அம்மாவுக்கே அது வந்தபோது, அதை ஒழுங்காக நடத்திக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. அந்தக் காகிதத்தைக் கீழே போட்டது நான். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே சட்டம் போட்டேன். அம்மா என்ன சொன்னாலும் யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது. குரல் உயர்த்தக் கூடாது. அவள் சொன்னால் சரி. என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பார்க்க வருகிற அக்கம்பக்கத்தாரிடமும் வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். அவர்கள் உள்ளே வந்து, சாவு வீட்டில் பேசுவதுபோல உதட்டை மட்டும் அசைத்தார்கள். குட்டியானைக்காரர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் பாட்டை ஒயரோடு பிடுங்கிவிட்டார். இதற்கெல்லாம் மேலே, வாக்கர், கட்டில் முனை, பாத்ரூம் கதவு எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று எனக்கே தெரியும். கை சும்மா இருக்கவில்லை.

முதல் வாரம் அம்மா வலியில் இருந்தாள், கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் சந்தேகம் வந்தது. ஒரு காலையில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"மாப்ள, இன்னைக்கி என்னா கெழமை?"

"வெள்ளிக்கெழமை அத்தை."

"இல்ல, செவ்வா."

"ஆமாம் அத்தை, செவ்வாதான்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போய்க் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டு வந்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

அப்புறம் அம்மா சோதிக்க ஆரம்பித்தாள். என் குழம்பைக் கழுநீர் என்றாள். "நாளைக்கு நல்லா வெக்கிறேம்மா" என்றேன். மாப்பிள்ளை பெயின்ட் அடித்த சுவர் எல்லாம் சொறி பிடித்த மாதிரி இருக்கிறது என்றாள். அவர் சிரித்தார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்ததும், "நேத்து ராத்திரி நம்ம மாடியில ஒட்டகம் நடந்துச்சு" என்றாள். எனக்குக் கண் இமைக்கக்கூட நேரமாகவில்லை. "ஆமாம்மா, எனக்கும் சத்தம் கேட்டுச்சு" என்றேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாப்பாடு குறைந்தது. டிவியைப் பார்க்காமல் டிவிக்கு மேலே பார்த்தாள். ஒரு மாதம் தாண்டியிருக்கும், தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். "செத்தவங்ககிட்டதான்டி இப்படிப் பேசுவாங்க."

எனக்கு வாய் பழகிப்போயிருந்தது. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. திருத்தத் தெரியாமல் பின்னலை அவிழ்த்து மறுபடி வாரினேன்.

தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அம்மா கணக்காக வாக்கரில் நடக்க ஆரம்பித்தாள். கூடத்துக்கும் வாசலுக்குமாகப் பத்து முறை, இருபது முறை. காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எழுதியதைவிடக் கெட்டி. தடை முடிந்து போட் வருகிற முதல் நாள் யார் எந்தப் பலகையில் உட்காருகிறார்களோ, அந்த வருடம் முழுக்க அந்த இடம் அவர்களுடையது. உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. வராதவர்களின் இடத்தில் பக்கத்துக் கூடை உட்கார்ந்துவிடும். ஒரு வருடம் போன இடம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"நான் போவணும்" என்றாள் அம்மா.

"சரிம்மா, போலாம்மா" என்றேன்.

அவளைப் போக விட எனக்கு உத்தேசமே இல்லை. ஈரத் தரை, மீன் செதில், தள்ளுமுள்ளு. எலும்பு முறிந்து இரண்டு மாதம்கூட ஆகாதவளை அங்கே யார் அனுப்புவார்கள்? இல்லை என்று சொன்னால் சண்டை வரும், அதனால் போகலாம் என்று சொன்னேன். தினமும் கேட்டாள். தினமும் சொன்னேன். கடைசி இரண்டு நாள் அவள் கேட்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

போட் வந்த அந்த முதல் நாள் எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். நான் கிளம்பிய பிறகு நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அம்மா நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வாக்கரில் கூடத்துக்கு வந்திருக்கிறாள்.

"மாப்ள, என்னய மார்க்கெட்டுல கொண்டு போயி விடணும்."

"சரி அத்தை."

"இப்பவே."

"சரி அத்தை."

"பக்கத்து வூட்டு வண்டியக் கூப்புடுங்க."

அவர் போய்க் கூப்பிட்டிருக்கிறார். அப்புறம் நான் அவரைக் கேள்வி கேட்டபோது, நிஜமாகவே குழம்பிய முகத்தோடு சொன்னார்: "எதுக்கும் இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு நீதான சொன்ன. ரெண்டு மாசமா ஆமா ஆமான்னே சொல்லி, எனக்கு இல்லங்கிற வார்த்தையே வரலடி."

ஆட்டோவில் ஏறி இறங்க இடுப்பை மடக்க வேண்டும், முடியாது. குட்டியானைதான் தோது. எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் சேரை வண்டியின் பின்னால் வைத்து, அம்மாவை அதில் உட்காரவைத்து, சேரை நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் குடை பிடித்து நின்றுகொண்டார். வண்டிக்காரர் பொறுப்பானவர். லோடுக்கு ஸ்டிக்கர் ஒட்டாமல் எடுக்க மனசு வரவில்லை. சேரின் முதுகு, கைப்பிடி, கால் எல்லாம் ஒட்டி, வண்டியின் இரண்டு பக்கத்திலும் வரிசையாக ஒட்டியிருக்கிறார். அம்மா தடுக்கவில்லை. போனால் போதும் என்று இருந்தாளாம்.

மீன் ஏற்பாட்டை அம்மா முன்னமே முடித்திருந்தாள். துறைமுகத்தில் அவளுக்காக ஏலம் எடுப்பவரிடம் போனில் சொல்லிவைத்திருந்தாள். நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் பேசியிருக்கிறாள்.

காலை டீ நேரத்தில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. சிக்னலில் நிற்கும் குட்டியானை. அதன் மேலே, சாமி ஊர்வலம் மாதிரி, குடையின் கீழ் என் அம்மா. சுற்றிலும் சிவப்புக் கிளாஸ்கள். பக்கத்தில் பைக்கில் வந்த சுற்றுலாக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முதலாளியிடம் போனை நீட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்து, "அச்சு நல்லா விழுந்திருக்கே, இதெல்லாமா கழிவுல போட்ட?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, போயிட்டு வா என்றார்.

ஸ்கூட்டியில் பெரிய மார்க்கெட் போய்ச் சேரும்வரை நான் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேனோ தெரியாது. அம்மா ஈரத்தில் விழுந்து கிடப்பாள் என்றே நினைத்தேன். மீன் பகுதிக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது அமைதி. அந்த இடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். அன்றைக்குத் தூணுக்கு இடது பக்கம் மட்டும் யாரோ சத்தத்தைக் குறைத்து வைத்தது போல இருந்தது.

அம்மா விழவில்லை. எல்லோரும் பலகையில் குந்தியிருக்க, அவள் மட்டும் சேரில் உயரமாக, நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு மேஜை மாதிரி பெட்டி போட்டு, அதில் வஞ்சரமும் சங்கராவும் பளபளவென்று கிடந்தன. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சேரில் ஒட்டியதை வருகிறவர்கள் எல்லாம் படித்தார்கள். சிலர் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

வலது பக்கத்து இடத்துக்காரம்மா எழுந்து என்னிடம் வந்தார். இரண்டு மாதம் அம்மாவுக்குத் தூக்கம் கெடுத்தது இவருடைய கூடைதான். "அக்கா எடத்துல நான் கைய வெப்பனாம்மா?" என்று என் காதில் கிசுகிசுத்தார். பார்த்தேன். தன் கூடையை ஒரு முழம் உள்ளே இழுத்து வைத்திருந்தார். அம்மாவின் இடம் இருபது வருடத்தில் இல்லாத அளவுக்கு அகலமாக இருந்தது. ஒரு வார்த்தை சண்டை போடாமல் கிடைத்த இடம். அம்மாவின் முகத்தைப் பார்த்தால், இடம் பறிபோனவள் மாதிரி இருந்தாள்.

ஒரு பெரியவர் வந்து வஞ்சரம் என்ன விலை என்று கேட்டார். அம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். நாலு கடல் தாண்டி வந்த மீனுக்குக்கூட அந்த விலை கிடையாது. பெரியவர் சேரைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார். "சரிம்மா, குடுங்க" என்று பணத்தை எடுத்தார். அம்மா மீனை வெட்டாமல் அப்படியே எடுத்துப் பையில் போட்டாள். அவர் போன திசையைக்கூடப் பார்க்கவில்லை.

நான் குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டு குனிந்தேன். "அம்மா, வூட்டுக்குப் போலாமாம்மா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரிம்மா. போலாம்மா" என்றாள்.

என் குரல். என் இழுப்பு. ஒரு எழுத்துப் பிசகாமல் இரண்டு மாதமாக நான் அவளுக்குச் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குள் என்னவோ அறுந்தது. "ஒனக்கு அறிவு இருக்குதா?" என்று கத்தினேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வந்தது. "எலும்பு கூடவே இல்ல, அதுக்குள்ள இங்க வந்து குந்திக்கினு. வுழுந்தா யாரு தூக்குறது? ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு வாரம் நான் ஒக்காந்திருந்தது ஒனக்குத் தெரியுமா? நீ எழுந்து நடக்கலன்னா நான் என்னா பண்ணுவேன்னு நெனச்சிப் பாத்தியா? மார்க்கெட்டுக்குப் போவக் கூடாது. நாளைக்கும் வரக் கூடாது. வர விட மாட்டேன்."

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். உதறினேன். மீன் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டார்கள்.

அம்மா சேரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். தலை சுற்றுகிறது, விழப்போகிறாள் என்று நினைத்து நான் பாய்ந்தேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"யாருடி வுழுந்தா?" என்று ஆரம்பித்தாள். அந்தக் குரலைக் கேட்டுக் குழாயடியில் நின்றவர்கள் திரும்பினார்கள். "நானா வுழுந்தன்? நீ தள்ளுன. வழுக்குற காயிதத்த வூடு முழுக்க எறச்சிப் போட்டது யாரு? நாப்பது வயசாச்சி, ஒக்காந்த எடத்தக் கூட்டத் துப்பில்ல. ரெண்டு மாசமா வாயில வெண்ணெய வெச்சிக்கினு அம்மா அம்மாங்கிற, ஒரு நாளாவது நான்தாம்மா போட்டன்னு சொன்னியா?"

சொன்னாள். மார்க்கெட்டில், அத்தனை பேர் முன்னால், அம்மா அதைச் சொல்லிவிட்டாள். அறுபது நாள் தொண்டையில் நின்ற சோறு இறங்கியது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதற்காக விட்டுவிடுவேனா?

"நான்தான் போட்டேன். கீழ பாத்து நடக்கத் தெரியாதா ஒனக்கு? அடுத்தவ வேலையில நொட்ட சொல்லிக்கினே வந்தா கண்ணு எங்க தெரியும்?"

"ஒட்டுன லட்சணம் அப்படி இருந்துச்சு."

"நீ வந்து ஒட்டேன்."

"கொண்டு வாடி, ஒட்றேன்."

வலது பக்கத்து அம்மா எங்களுக்கு நடுவில் வந்து சமாதானம் சொல்லப் பார்த்தார். அம்மா அவரை ஒரே பார்வையில் உட்காரவைத்தாள். "நீ ஒன் கூடையப் பாரு" என்றாள். அவர் தன் பலகையில் உட்கார்ந்தார். உட்காரும்போது கூடையைக் காலால் அம்மா பக்கம் ஒரு விரல்கடை தள்ளினார். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். சேரிலிருந்து கால் எட்டவில்லை, வாக்கரால் திருப்பித் தள்ளினாள்.

அதற்குள் எங்கள் சண்டையை வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்திருந்தது. அதில் மஞ்சள் பை வைத்திருந்த ஒருவர் பெட்டிக்கு முன்னால் வந்து சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "என்னாம்மா, நேத்து மீனா?" என்றார்.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். கன்னம் சிவந்து, மூச்சு வாங்கி, இரண்டு மாதத்தில் நான் பார்க்காத முகம். என்னைக் கையால் ஒதுக்கினாள்.

"தள்ளி நில்லுடி, வியாபாரம் கெடுது" என்றாள். பிறகு அவரிடம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, என்னைக் காட்டி, "எம் பொண்ணு. சண்டைன்னு வந்துட்டா வுட மாட்டா" என்றாள்.